திருப்பித் தட்டியவள்

இதை நான் கட்டிச் சொல்லவில்லை. கட்டிச் சொல்வதாக இருந்தால் என்னை இன்னும் கொஞ்சம் நல்லவளாகக் காட்டியிருப்பேன். நடந்தது நடந்தபடியே சொல்கிறேன். நேரங்கள் எல்லாம் என் கைக்கடிகாரத்தில் பார்த்தவை. பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் பதினொரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டில் பால் பொங்கினால்கூட முதலில் மணி பார்த்துவிட்டுத்தான் அடுப்பை அணைப்பேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். காதை வைத்தே கோளாறு கண்டுபிடிப்பவர். என்னை அவர் கூப்பிடுவது "வாயாடி" என்று. கல்யாணமான புதிதில் செல்லமாக வைத்த பெயர். போகப் போகச் செல்லம் கழன்று போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

எங்கள் சண்டைக்குக் காரணம் மூன்றாவது மாடிக்காரி. ஊரில் எத்தனையோ லிஃப்ட் இருக்கிறது. அவள் இருக்கிற கட்டடத்து லிஃப்ட் மட்டும் வாராவாரம் கெட்டுப்போகும். அதுவும் மூன்றாவது மாடியில்தான் வந்து நிற்கும். இவரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் ஒரு அமைதி இருக்கும். அந்த அமைதியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கேட்டால் பதில் சொல்ல மாட்டார். இரண்டு வருஷமாகக் கேட்டேன். "உனக்கு வேற வேலை இல்ல" என்பதுதான் பதில்.

கடைசியில் அவரே ஒருநாள் சொன்னார். "எங்கயாவது போயிட்டு வரலாம். ரெண்டு பேர் மட்டும்."

அப்படித்தான் அந்த கேரவனை வாடகைக்கு எடுத்தோம். முன்னால் டிரைவர் சீட்டும் பக்கத்தில் ஒரு சீட்டும். அதற்குப் பின்னால் ஒரு பலகைச் சுவர். அதில் நகர்த்தித் திறக்கிற சின்னக் கதவு. பின்னால் அடுப்பு, தொட்டி, ஆள் நிற்கிற அளவுக்குக் குளியலறை, கடைசியில் திரை போட்ட படுக்கை. பக்கவாட்டில் வெளிக்கதவு. வண்டிக்காரர் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தை விரலால் தட்டினார்.

"கிளம்பறதுக்கு முன்னால பின்னால போய்க் கண்ணால பாத்துட்டுத்தான் கிளம்பணும். ஒவ்வொரு தடவையும். சும்மா குரல் குடுத்துட்டு எடுத்துடாதீங்க. சத்தத்தை நம்பாதீங்க."

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சத்தத்தை நம்பித்தான் சார் என் பொழப்பே ஓடுது."

வண்டிக்காரர் சிரிக்கவில்லை.

ஓடுகிற வண்டியில் பின்னால் படுத்துக்கொண்டு வரக் கூடாது. அது விதி. எனக்கு முன்னால் உட்கார்ந்தால் குமட்டும். அதனால் விதியை மீறிப் பின்னால்தான் படுத்துக்கொண்டேன். அவர் ஒரு ஏற்பாடு செய்தார். கிளம்பும் முன் பலகையில் இரண்டு முறை தட்டுவார். டக் டக். அலமாரி எல்லாம் சாத்தியாச்சு, நான் தயார் என்றால் நானும் இரண்டு முறை தட்ட வேண்டும். வழியிலும் அவ்வப்போது தட்டுவார். நான் திருப்பித் தட்டுவேன். இரண்டு வருஷத்தில் நாங்கள் சண்டையில்லாமல் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை 5:50-க்கு அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். சின்ன ஊர். ஒரே தெரு. ஒரு பேக்கரி, ஒரு தபால் நிலையம், சைக்கிள் சரிசெய்யும் கடை. தெரு முடிகிற இடத்தில் ஆறு. கரையில் வண்டிகள் நிறுத்தும் திடல். எங்கள் வண்டி ஒன்றுதான். திடலைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வாசலருகே ஒரு அறையில் இருந்தார். குழாய்ச் சாவியைக் கொடுக்க வந்தவர் வண்டியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"இந்த வண்டியா... ஆத்தோரமா வேண்டாம்மா. மேட்டுல நிறுத்துங்களேன்."

"தண்ணி பாக்கத்தானே வந்தோம்" என்றார் இவர். ஆற்றோரமாகவே நிறுத்தினோம்.

ஒன்பதரைக்கு இவர் போன் அடித்தது. மூன்றாவது மாடிக்காரி. லிஃப்ட் நின்றுவிட்டதாம். இருநூறு கிலோமீட்டர் தாண்டியும் விடவில்லை பாருங்கள். நான் பேசினேன். என்ன பேசினேன் என்று இங்கே சொல்ல வேண்டாம். 9:50-க்கு அவர் தலையணையை எடுத்துக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டார். நான் திரையை இழுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

2:15. விழிப்பு வந்தது.

ர்ர்ர்... தண்ணீர் மோட்டார் சத்தம். குழாயைத் திறந்தால் வரும் சத்தம் அது. பிறகு அடுப்பு பற்றும் சத்தம். கரண்டி கோப்பையில் படும் சத்தம். டீ வாசனை. கோபித்துக்கொண்டு போனவர் தனக்கு மட்டும் டீ போட்டுக் குடிக்கிறார் என்று நினைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முன்பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது. மெதுவாக, கொஞ்சலாக. நடுவில் ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! போனில் அவளோடுதான் பேசுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

காலையில் அவர் முகம் தெளிந்திருந்தது.

"நேத்து நீ டீ போட்டு எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தே பாரு... எனக்கு மனசே ஆறிப்போச்சு. ஒரு வார்த்தை பேசல நீ. கையை மட்டும் பிடிச்சுட்டு இருந்தே. ஜில்லுனு இருந்துச்சு கை."

நான் எழுந்து போகவே இல்லை. சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் தொட்டியில் பார்த்தேன். இரண்டு கோப்பைகள். ஒன்றின் விளிம்பில் ஒரு முடி ஒட்டியிருந்தது. நீளமான முடி. விரல் நுனியில் பிடித்தால் முழங்கையையும் தாண்டித் தொங்கியது. நான் கழுத்தோடு கத்தரித்துக்கொண்டவள்.

அவர் முகம் கழுவப் போனதும் போனைப் பார்த்தேன். 9:32-க்குப் பிறகு அழைப்பே இல்லை. முன் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். உறை ஈரமாக இருந்தது. சேற்று வாடை.

அப்படியானால் போன் இல்லை. ஆளே வந்திருக்கிறாள். இருட்டில் வந்து, டீ போட்டுக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறாள். இவரும் என்னிடமே கதை சொல்லி மூடப் பார்க்கிறார். என் புத்தி அப்படித்தான் போயிற்று. வேறு எப்படியும் போகவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கெட்டவள். "அது நான் இல்லைங்க" என்று மூன்று வார்த்தை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்தேன். அன்று ராத்திரி கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை முழுக்க ஊரைச் சுற்றினோம். பேக்கரியில் ரொட்டி வாங்கினோம். ஊர் திரும்பப் பாலம் எங்கே என்று சைக்கிள் கடைக்காரரைக் கேட்டேன். சாலை ஆற்றங்கரையோடு நெடுந்தூரம் போய்ப் பாலம் ஏறி, எதிர்க்கரையில் எங்கள் திடலுக்கு நேராகவே திரும்பி வருமாம். வண்டியில் இருபது நிமிஷம். நடந்து ஆற்றைக் கடந்தால் ஐந்து நிமிஷம்தான், ஆனால் ஒருவரும் கடப்பதில்லை என்றார். ஒரு இடத்தில் இவர் என் கையைப் பிடித்தார். உடனே விட்டுவிட்டார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்குக் கை சுடுது."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வண்டியை ஒப்படைக்க வேண்டும். மூன்று மணிக்கே கிளம்பிவிடுவது என்று பேச்சு. 2:50-க்கு அலாரம் வைத்தார். தலை வலிக்கிறது என்று நான் ஒன்பது மணிக்கே படுக்கப் போனேன்.

"நான் முன்னாலயே படுத்துக்கறேன்" என்றார். சண்டையே இல்லை. இருந்தும் அவராகவே தலையணையை எடுத்துக்கொண்டார்.

எரிகிற தீயில் எண்ணெய் என்பது இதுதான்.

1:40-க்கு எழுந்தேன். மீதி இருந்த மூன்று தலையணைகளைப் படுக்கையில் நீளவாக்கில் அடுக்கிப் போர்வையால் மூடினேன். அவருடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டேன். என் போன் முன் சீட்டருகே சார்ஜில் இருந்தது. எடுக்க முடியவில்லை. வெளிக்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, குழாய் மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

நிலா வெளிச்சம். திடல் முழுக்கத் தெரிந்தது. வாசல் பக்கமிருந்து யாரும் வரவில்லை. தெருப் பக்கமிருந்தும் வரவில்லை. ஆற்றைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஆற்றிலிருந்து யார் வருவார்கள்?

2:15.

ர்ர்ர்...

வண்டிக்குள் விளக்கு எரிந்தது. ஜன்னல் திரையில் ஒரு நிழல். பெண். முதுகு தெரிந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. குனிந்து எதையோ ஊற்றினாள்.

யாருமே உள்ளே போகவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் போகவில்லை.

பயந்திருக்க வேண்டும். நான் எழுந்து வண்டியைப் பார்த்து நடந்தேன். என் அடுப்பில் யாரடி நீ என்று கேட்கப் போனேன்.

முன்பக்கம் போனேன். அவர் பக்கத்துக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது. மங்கலான சிவப்பு விளக்கு. அவர் கையில் கோப்பை. அவர் தோளில் ஒரு தலை சாய்ந்திருந்தது. முடி முகத்தை மூடியிருந்தது. முடி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... அவர் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அரைத் தூக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"மூணாவது மாடியில ஒண்ணுமே இல்ல. அது பாவம், தனியா இருக்கு. பேச்சுத் துணைக்குக் கூப்பிடுது, நானும் போயிடறேன். ஆனா நீ கேட்டப்ப நான் நேரா பதில் சொல்லியிருக்கணும். உன்னை ரெண்டு வருஷமா அழ வச்சுட்டேன். தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடு."

எனக்கு வர வேண்டிய மன்னிப்பு அது. இரண்டு வருஷம் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டது நான். அதை அவள் வாங்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். கத்தியிருக்கலாம். நான் செய்யவில்லை. அவர் இன்னும் என்ன சொல்வார் என்று கேட்டுக்கொண்டே நின்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

2:50. அலாரம்.

அவள் எழுந்தாள். பலகைக் கதவு நகர்ந்தது. பின்னால் போனாள். விளக்கு அணைந்தது.

நான் வெளிக்கதவுக்கு ஓடினேன். இழுத்தேன். திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

படுக்கை கிறீச்சிட்டது...

"வாயாடி, கிளம்பலாமா?" அவர் குரல்.

டக் டக்.

கத்த வாயைத் திறந்தேன். நாள் முழுக்க மைக்கில் பேசுகிற வாய். குரல் வரவில்லை.

உள்ளே...

டக் டக்.

என்ஜின் உறுமியது. வண்டி நகர்ந்தது. அப்போதுதான் என் குரல் திரும்பி வந்தது. பக்கத்தில் அடித்தேன். அலறினேன். கூடவே ஓடினேன். கல் தடுக்கி விழுந்தேன்.

பின் ஜன்னல் திரை விலகியது.

முகம் சரியாகத் தெரியவில்லை. கண் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். மூன்றாவது மாடிக்காரியின் போன் வரும்போதெல்லாம் கண்ணாடியில் நான் பார்க்கிற பார்வை.

திரை விழுந்தது.

2:57.

திடல்கார அம்மாவின் கதவை இடித்தபோது மணி 3:05. கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆச்சரியமே படவில்லை.

"உன்னையுமா விட்டுட்டுப் போயிட்டான்?"

அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி இவர் நம்பரை அழுத்தினேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை, 3:16-க்கு எடுத்தார்.

"வண்டிய நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"யாருங்க?"

"நான்தாங்க! என்னை ஆத்தங்கரையில விட்டுட்டுப் போயிட்டீங்க!"

சிரித்தார். "வாயாடி, யார் போன் இது? பின்னால படுத்துக்கிட்டே என்ன விளையாட்டு?"

"நான் பின்னால இல்ல!"

அவர் பலகையில் தட்டுவது போனில் கேட்டது. டக் டக்.

பிறகு, தூரத்தில்...

டக்... டக்.

அவர் குரல் மாறியிருந்தது.

"அவ இங்கதான் இருக்கா. நீங்க யாருங்க?"

கல்யாணமான பதினான்கு வருஷத்தில் என்னை அவர் "நீங்க" என்றது அந்த ஒரு முறைதான். போனை வைத்துவிட்டார்.

எதிர்க்கரையில் வெளிச்சம் தெரிந்தது. எங்கள் வண்டிதான். திடலுக்கு நேராக வந்தது.

நின்றது.

3:19. விளக்கு அசையவில்லை.

3:26. அசையவில்லை.

3:31-க்கு வண்டி திரும்பியது.

அவர் வந்து சேர்ந்தபோது மணி 3:54. முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தார். பிறகு பின்னால் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். சொன்னது இவ்வளவுதான்: எதிர்க்கரைக்கு வந்ததும் அவர் தட்டாமலே உள்ளே தட்ட ஆரம்பித்திருக்கிறது. விடாமல். இரண்டு கையாலும். நிறுத்திக் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டதாம்.

படுக்கையில் நான் அடுக்கிய மூன்று தலையணைகளும் அப்படியே இருந்தன. பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு ஊறிப் போயிருந்தன. பலகையின் உள்பக்கத்தில் ஈரச் சேற்றில் விரல் முட்டிகளின் தடம். இரண்டிரண்டாக.

எட்டு மணிக்கு வண்டியை ஒப்படைத்தோம். வண்டிக்காரர் தலையணைகளைத் தொட்டார். இவர் முகத்தைப் பார்த்தார்.

"பின்னால போய்ப் பாக்காம கிளம்புனீங்களா?"

இவர் சாவியை நீட்டினார். வண்டிக்காரர் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி இதே வண்டியை எடுத்துக்கொண்டு அதே ஊருக்குப் போனார்களாம். யாரோ ஒருத்தியைப் பற்றி ராத்திரி சண்டை. அந்தப் பெண் கோபித்துக்கொண்டு இறங்கி ஆற்றோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். புருஷனுக்குத் தெரியாது. பின்னால் தூங்குகிறாள் என்று நினைத்து, பலகையைத் தட்டிவிட்டு வண்டியை எடுத்துவிட்டான். அவள் கத்திக்கொண்டே ஓடியிருக்கிறாள். எதிர்க்கரையில் வண்டியை மறித்துவிடலாம் என்று ஆற்றில் இறங்கியிருக்கிறாள். இரண்டாம் நாள்தான் கிடைத்தாளாம்.

"அந்த ஆள் கடைசி வரைக்கும் ஒரே பேச்சுதான் பேசினான் மேடம். எதிர்க்கரை தாண்டி, வழி நெடுக நான் தட்டினேன், அவ திருப்பித் தட்டினான்னு."

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. மூன்றாவது மாடிக்காரி வீடு மாறிப் போய்விட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நான் இப்போது அதிகம் பேசுவதில்லை. ராத்திரி அவர் தூங்காமல் உட்கார்ந்திருந்தால் டீ போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். கையைப் பிடித்துக்கொள்கிறேன். அந்த மன்னிப்பை அவர் இன்னும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டாயிற்று என்றே நினைக்கிறார் போல. ஒருநாள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு மாதிரி இல்ல."

போன வெள்ளிக்கிழமை, வெளியூரில் புது லிஃப்ட் மாட்டுகிற வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சனிக்கிழமை மாலை 6:20-க்கு என் போன் அடித்தது. வண்டிக்காரர்.

"மேடம், சார் போன் எடுக்க மாட்டேங்கறார். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வண்டி வந்துடணும்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்களுக்கு இப்ப உடம்பு பரவாயில்லையா?"

"எந்த வண்டி?" என்றேன்.

"அதே வண்டிதான் மேடம். ஷெட்டுல போட்டுப் பூட்டி வச்சிருந்தேன். வேண்டாம்னுதான் சொன்னேன். பயம் தெளியணும்னு நீங்கதான் கேக்கறீங்கன்னு சார் ஒரே பிடியா நின்னார். சாவியைக் குடுத்துட்டு நான் ஃபாரம் எடுக்க ஆபீஸ் உள்ள போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா நீங்க தலை சுத்துதுன்னு பின்னால படுத்துட்டீங்கன்னு சொன்னார். ஃபாரத்துலயும் ரெண்டு பேர்னுதான் எழுதியிருக்கார். நான் ஒரு தடவை பின்னால பாத்துடறேன்னு கிளம்புனேன். படுத்திருக்கா, தொந்தரவு பண்ணாதீங்கன்னு பலகையைத் தட்டிக் காட்டினார்..."

"நான் வீட்டுல இருக்கேன்" என்றேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். 6:22.

"அப்போ... திருப்பித் தட்டினது யாரு மேடம்?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.